பொய்ச் சாட்சியும் மெய்ச் சாட்சியும்

நுழையும்முன்

அரண்மனையைக் களமாகக் கொண்ட பழைய திரைப்படம் என்றதும் வாட்போரும் மாறுவேடமும் மறைவான சதியாலோசனையும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை கண்ணுக்கு விருந்தாகலாம். ஆயினும், எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு கதை பேசப்படுவதற்கு அவை மட்டும் போதா. 1950ஆம் ஆண்டு வெளிவந்த ‘மந்திரி குமாரி’, வாட்போர்களுக்கு நடுவே இரண்டு சாட்சியங்களின் கதையைச் சொல்கிறது. ஒரே பெண் முதலில் பொய் சொல்கிறாள். பின்னர் மெய் சொல்கிறாள். இவ்விரண்டையும் ஒரு நாடு எவ்வாறு எதிர்கொண்டது? இவ்வினாவின் வழியே அப்படத்தை அணுகுகிறது இக்கட்டுரை.

படம் பிறந்த சூழல்

சேலம் மாநகரில், ஏற்காடு செல்லும் சாலையில் இயங்கிய படநிறுவனம் மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர். சுந்தரம் நிறுவிய இந்நிறுவனம் தமிழ்த் திரைப்பட வரலாற்றில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது. அங்கு உருவான படங்களுள் ஒன்றே மந்திரி குமாரி. கலைஞர் மு. கருணாநிதி முன்னர் நாடகமாக எழுதிய கதையே திரைவடிவம் பெற்றது. படத்திற்கான உரையாடலையும் அவரே எழுதினார். படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 26.

இப்படத்தின் இயக்குநர்களாக எல்லிஸ் ஆர். டங்கன், டி.ஆர். சுந்தரம் ஆகிய இருவரும் குறிக்கப்பெறுகின்றனர். டங்கன் அமெரிக்க நாட்டவர். 1935ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்த அவர், தமிழ் அறியாதவராக இருந்தும் பல தமிழ்ப்படங்களை இயக்கினார். 1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’ அவர் இயக்கிய படமே, எம்.ஜி. இராமச்சந்திரன் திரையில் முதன்முதலாகத் தோன்றியதும் அப்படத்தில்தான். மந்திரி குமாரியில் அவர் வீரமோகன் என்னும் தளபதியாக நடித்தார். எம்.என். நம்பியார் இராசகுருவாகவும், எஸ்.ஏ. நடராஜன் அவருடைய மகன் பார்த்திபனாகவும் நடித்தனர். மந்திரியின் மகள் அமுதவல்லியாக மாதுரி தேவியும், இளவரசி ஜீவரேகாவாக ஜி. சகுந்தலாவும் தோன்றினர். இசையமைத்தவர் ஜி. இராமநாதன்.

படம் வெளிவந்த ஆண்டும் கருதத்தக்கது. 1950 சனவரி 26 அன்று இந்தியா குடியரசானது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை புதுக்கோட்டை மன்னராட்சியின்கீழ் இருந்தது. 1948ஆம் ஆண்டில்தான் அது சென்னை மாகாணத்துடன் இணைக்கப்பட்டது. எனவே, அக்காலத்துப் பார்வையாளருக்கு அரசனும் அமைச்சனும் வெறும் ஏட்டுக் கதைமாந்தர் அல்லர். முடியாட்சி விடைபெற்றுக் குடியாட்சி வந்துசேர்ந்த வாசலில் அவர்கள் நின்றுகொண்டிருந்தனர். அவ்வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு, அரண்மனைக் கதை பழமையைப் போற்றும் கதையாக மட்டும் தோன்றியிருக்க இயலாது. ‘ஆள்பவரைச் சூழ்ந்திருப்போர் யார்? அவர்களுடைய சொல்லை ஆராய்பவர் யார்?’ என்னும் வினாக்களையும் அது எழுப்பியிருக்கும்.

முல்லை நாட்டின் கதை

கதை நிகழும் இடம் முல்லை நாடு. அந்நாட்டு மன்னர், இராசகுருவின் சொல்லுக்குச் செவிசாய்ப்பவர். தம் மகன் பார்த்திபனே நாட்டின் தளபதியாக வேண்டும் என்பது இராசகுருவின் விருப்பம். மன்னரோ அப்பொறுப்பை வீரமோகனுக்கு வழங்குகிறார். தனக்குக் கிடைக்காத பதவியின் மீது கொண்ட சினத்தால் பார்த்திபன் கொள்ளையனாகிறான். பகலில் அரண்மனைப் பிள்ளை. இரவில் ஊரைச் சூறையாடும் கள்வன்.

இளவரசி ஜீவரேகா வீரமோகனை விரும்புகிறாள். அவளை அடைய எண்ணும் பார்த்திபன், தன்னைத் தனியே சந்திக்குமாறு அவளுக்குச் செய்தி அனுப்புகிறான். செய்தி தவறுதலாக மந்திரியின் மகள் அமுதவல்லியிடம் சேர்கிறது. அவள் அவனைச் சந்திக்கிறாள். அவன்மீது காதல் கொள்கிறாள். தவறான கையில் சேர்ந்த ஓர் ஓலை ஒரு பெண்ணின் வாழ்வைத் திசைமாற்றிவிடுகிறது.

கொள்ளையரைப் பிடிக்குமாறு மன்னர் இடும் ஆணையை ஏற்கும் வீரமோகன், பார்த்திபனைக் கைதுசெய்து அவைக்குக் கொண்டுவருகிறான். ‘நான் கள்வனல்லேன், அமுதவல்லியைக் காணவே இரவில் வெளியே வந்தேன்’ என்பது பார்த்திபனின் வாதம். உண்மையை அறிவதற்காக வழக்கு கோயிலுக்கு மாற்றப்படுகிறது. காதலனைக் காக்க எண்ணும் அமுதவல்லி, தேவியின் சிலைக்குப் பின்னே மறைந்துகொண்டு, பார்த்திபன் குற்றமற்றவன் என்று குரல் கொடுக்கிறாள். தேவியே பேசிவிட்டதாக மன்னர் நம்புகிறார். கள்வன் விடுதலையாகிறான்; கடமையைச் செய்த தளபதி நாடுகடத்தப்படுகிறான். அவனுடன் செல்லத் துணிந்த இளவரசியும் நாட்டைவிட்டு நீங்குகிறாள்.

சொல்லழகும் மெய்யும்

இப்படத்தைப் பற்றிப் பேசுவோர் பலரும் முதலில் குறிப்பிடுவது அதன் உரையாடலையே. அடுக்குமொழியும் எதுகையும் எதிர்வாதமும் நிறைந்த நடை, அன்றைய மேடைத் தமிழின் செல்வாக்கைத் திரைக்குக் கொண்டுவந்தது. பாடல்களை நம்பியே படங்கள் ஓடிய காலம் மாறி, உரையாடலைக் கேட்பதற்காகவே மக்கள் திரையரங்கிற்குச் சென்ற காலம் தொடங்கியது. அம்மாற்றத்தில் மந்திரி குமாரிக்கும் பங்குண்டு. திராவிட இயக்கத்தைச் சார்ந்த எழுத்தாளர்கள் மேடையையும் திரையையும் கருத்துப் பரப்பும் களங்களாகக் கொண்ட காலமும் அதுவே.

ஆனால், அவ்வுரையாடலின் அழகை மட்டும் போற்றி நின்றுவிடுவது படத்திற்கு நியாயம் செய்வதாகாது. படத்தில் மிக அழகாகப் பேசுகிறவர்களுள் ஒருவன் பார்த்திபன். கொள்ளையிடுவதையே ஒரு கலையாகக் காட்டி வாதிடும் நாவன்மை அவனுக்கு உண்டு. கேட்போர் ஒரு கணம் தம்மை மறந்து அவன் சொல்லைச் சுவைக்கின்றனர். அந்த ஒரு கணமே கவனிக்கத்தக்கது. கள்வனின் வாயிலும் தமிழ் இனிக்கிறது. ஆயினும் அவன் கையில் இருப்பது பிறர் பொருள்.

சொல்லழகு மெய்க்குச் சான்றாகாது என்பதைப் படம் அறிவுரையாகச் சொல்லவில்லை. பார்வையாளரையே அம்மயக்கத்திற்கு உட்படுத்திக் காட்டுகிறது. அமுதவல்லி மயங்கியது எவ்வாறு என்பதை அப்போது நாம் உணர்கிறோம். அவளைப் ‘பேதை’ என்று எளிதில் ஒதுக்கிவிட இயலவில்லை. நாமும் அதே பேச்சைச் சுவைத்தவர்கள் அல்லவா? பட்டிமன்றத்திலும் தேர்தல் மேடையிலும் விளம்பரத்திலும் சொல்வன்மையைச் சந்திக்கும் ஒரு தலைமுறைக்கு இது வேண்டிய பாடம். எப்படிச் சொன்னார் என்பதை வியந்த பிறகு, என்ன சொன்னார் என்பதை ஆராய்வதே கேட்போரின் கடமை.

சிலையின் பின்னால் ஒலித்த குரல்

படத்தின் உயிர்நிலை கோயில் காட்சியே. அங்கே ஒலித்தது ஒரு பெண்ணின் குரல். கேட்டவர்களோ அதைத் தெய்வத்தின் குரலாக ஏற்றனர். அமுதவல்லி தன் முகத்துடன் அவையின் முன்னே நின்று அதே சொற்களைச் சொல்லியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? ‘நீ அவனை விரும்புகிறாயா?’, ‘அன்றிரவு எங்கே இருந்தாய்?’, ‘உன்னைக் கண்டவர் யார்?’ என்று கேட்க அவையில் ஒருவரேனும் எழுந்திருப்பார். முகமில்லாத குரலிடம் அவ்வினாக்களை எவரும் எழுப்பவில்லை. தெய்வத்தின் பெயரால் வந்த சொல்லைக் குறுக்கு விசாரணை செய்யத் துணிந்தவர் அங்கே இல்லை.

இக்காட்சி தெய்வ நம்பிக்கையைப் பழிக்கிறது என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து முழுமையானதன்று. நம்பிக்கை கொள்வது வேறு. நம்பிக்கையைக் காரணமாகக் கொண்டு ஆராய மறுப்பது வேறு. வழிபாட்டிற்குரிய இடத்தை வழக்காடும் இடமாக மாற்றியவர்கள் மனிதர்கள். தேவியின் திருவுருவைத் திரையாக்கிக்கொண்டு பேசியவளும் மனித மகளே. ஆகவே, பிழை சிலையிடத்தில் இல்லை. சிலைக்குப் பின்னால் சென்று பார்க்காத மன்னரிடத்தில் இருக்கிறது.

அரசன் எவரிடத்தும் சாயாமல் ஆராய்ந்து முறைசெய்ய வேண்டும் என்பது வள்ளுவம் வகுத்த செங்கோன்மை. ஆராயாமல் வழங்கிய தீர்ப்பின் விளைவைச் சிலப்பதிகாரம் விரிவாகக் காட்டியது. பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை நம்பிக் கோவலனைக் கொல்லச் செய்த பாண்டியன், பிழையை உணர்ந்த கணத்தில் உயிர்நீத்தான். முல்லை நாட்டு மன்னரும் ஒரே ஒரு குரலை நம்பித் தீர்ப்பளித்தார். இரண்டு அவைகளிலும் குற்றம் ஒன்றே: கேட்டது உண்மைதானா என்று ஒருமுறை சரிபார்க்கவில்லை.

இன்றைய இளைஞருக்கு இக்காட்சி அயலானதன்று. யார் சொன்னது, எங்கே சொன்னது என்று அறியப்படாத செய்திகள் நாள்தோறும் கைப்பேசிக்கு வந்துசேர்கின்றன. பெரியவர் ஒருவரின் பெயரோ புகழ்பெற்ற அமைப்பின் பெயரோ அவற்றின்மீது பொறிக்கப்பட்டிருக்கும். அப்பெயரே சிலையாகிவிடுகிறது, பின்னால் நின்று பேசுபவர் மறைந்துகொள்கிறார். அச்செய்தியை நம்பி ஒருவரை இகழ்வதும் ஒதுக்குவதும், வீரமோகனை மீண்டும் ஒருமுறை நாடுகடத்துவதேயாகும்.

காதலுக்காகச் சொன்ன பொய்

அமுதவல்லியின் பொய்யை எவ்வாறு மதிப்பிடுவது? அவள் பொருளுக்காகப் பொய் சொல்லவில்லை, பதவிக்காகவும் சொல்லவில்லை. அன்புக்காகச் சொன்னாள். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரும் கூறியிருக்கிறார். அவ்விதியை எடுத்துக்காட்டி அமுதவல்லியைக் காக்க முற்படுவோர் இருக்கலாம்.

அவ்வாதம் நிலைபெறாது. வள்ளுவர் விதித்த அளவுகோல் ‘நன்மை’ என்பது மட்டுமன்று. ‘குற்றமற்ற நன்மை’ என்பதாகும். அமுதவல்லியின் பொய்யால் நன்மை பெற்றவன் ஒருவன், அவனும் கள்வன். தீமை அடைந்தவர்களோ பலர். தளபதி நாட்டை இழந்தான். இளவரசி வீட்டை இழந்தாள். கொள்ளைக்கு ஆளான மக்கள் நீதியை இழந்தனர். அவர்கள் அக்கோயிலில் இல்லை. தங்கள் பொருளைப் பறிகொடுத்த எளியவர்களின் முகம் அவளுக்குத் தெரியவில்லை. காதலனின் முகம் மட்டுமே தெரிந்தது. பொய்ச் சாட்சியின் இயல்பே இதுதான். காக்கப்படுபவர் கண்முன்னே நிற்பார். கெடுக்கப்படுபவர் கண்ணுக்கெட்டாத தொலைவில் இருப்பார்.

அன்பு பெரியதுதான். ஆனால், அன்புடையவரின் குற்றத்தை மறைப்பது அன்பின் கடமையன்று. நண்பன் செய்த தவற்றை ஆசிரியரிடம் மறைக்கும் மாணவனும், உறவினர் செய்த தவற்றை ஊரறியாமல் மூடும் பெரியவரும் அமுதவல்லி நின்ற இடத்திலேயே நிற்கின்றனர். இராசகுருவும் அவ்விடத்தைச் சேர்ந்தவரே. மகன்மீது கொண்ட பாசம் என்று பெயரிட்டுத்தான் அவர் சூழ்ச்சியைத் தொடங்குகிறார். தந்தையின் பாசமும் காதலியின் பாசமும் சேர்ந்து ஒரு கள்வனை மேலும் பெரிய கள்வனாக்கின என்பதே கதை காட்டும் உண்மை.

காப்பியம் தந்த குன்று

திருமணத்திற்குப் பின் அமுதவல்லி கணவனைத் திருத்த முயல்கிறாள். கொள்ளையை விட்டுவிட்டதாக அவன் உறுதி கூறுகிறான், மறைவில் தொடர்கிறான். ஆணுடை அணிந்து பின்தொடரும் அவள், அவனுடைய உண்மையான உருவைக் காண்கிறாள். அவன் பிடியில் அகப்பட்ட இளவரசியையும் காக்கிறாள். அரியணையைத் தம் குடும்பத்திற்கு உரியதாக்க எண்ணும் இராசகுருவின் திட்டத்திற்கு அமுதவல்லி தடையாகிறாள். அவளைக் கொல்லும் எண்ணத்துடன் பார்த்திபன் குன்றின் உச்சிக்கு அழைத்துச் செல்கிறான். அவ்வேளையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய பாடல் ஒலிக்கிறது. இனிய இசைக்கு அடியில் கொலை எண்ணம் மறைந்திருப்பதைப் பார்வையாளர் அறிவர். சொல்லழகைப் போலவே இசையழகும் ஏமாற்றக்கூடும் என்பதை அக்காட்சி உணர்த்துகிறது. உச்சியை அடைந்ததும் அவன் தன் நோக்கத்தை வெளியிடுகிறான். இறக்கும்முன் கணவனை மும்முறை வலம்வர வேண்டுமென அவள் கேட்கிறாள். வலம்வருபவள் பின்னிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள்.

இந்நிகழ்ச்சி ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியிலிருந்து பெறப்பட்டது. நாதகுத்தனார் இயற்றிய அப்பௌத்தக் காப்பியம் நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. அக்கொள்கையை மறுத்து எழுந்த நீலகேசி என்னும் சமண நூலின் உரை வழியாகவும் கதையை அறிகிறோம். மறுக்கப்பட்ட நூலின் நினைவை மறுத்த நூலின் மரபு காத்துத் தந்தது என்பது தமிழ் இலக்கிய வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

பௌத்தர்களின் பாலிமொழி உரைமரபிலும் இக்கதை உண்டு. வணிகர் குலத்தில் பிறந்த பத்திரை, கொலைக்களத்திற்கு அழைத்துச் செல்லப்பட்ட கள்வன் ஒருவனைச் சாளரத்தின் வழியே கண்டு காதல் கொள்கிறாள். அம்மரபில் அக்கள்வன் அரசபுரோகிதனின் மகன். மகளின் பிடிவாதத்திற்கு இணங்கிய தந்தை, காவலருக்குப் பொருள் கொடுத்து அவனை மீட்டு மணம் முடிக்கிறார். பின்னாளில் அவளுடைய அணிகலன்களுக்காக அவளைக் குன்றிலிருந்து தள்ள அவன் முயல, அவளே அவனைத் தள்ளிவிடுகிறாள். வீடு திரும்ப விரும்பாத அவள், துறவு பூணுகிறாள். பறிக்கப்பட்ட கூந்தல் சுருள் சுருளாக வளர்ந்தமையால் குண்டலகேசி என்னும் பெயர் பெறுகிறாள். நாவற்கிளையை நட்டு வாதத்திற்கு அழைத்துப் பலரை வென்று, இறுதியில் சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்த நெறியை ஏற்கிறாள்.

காப்பியத்தைத் திரைப்படம் மாற்றிவிட்டது. இது மரபுக்குச் செய்த பிழை என்று கூறுவாரும் உளர். அக்கூற்றை ஏற்பதற்கில்லை. பாலி மரபின் கதை தமிழ்க் காப்பியமாகியது, காப்பியம் நாடகமாகியது, நாடகம் திரைப்படமாகியது. ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய வினாவை அக்குன்றின்மேல் நின்று கேட்டுக்கொண்டது. குண்டலகேசியின் பெயரைக்கூட அறியாத பல்லாயிரவர், அதன் உச்சநிகழ்வைத் திரையில் கண்டனர். நூல் அழிந்த பின்னும் கதை அழியாமல் வாழ்வதற்கு இத்தகைய மறுபடைப்புகளே வழி. ‘மாற்றினார்களா?’ என்று கேட்பதினும் ‘மாற்றம் எதைச் சாதித்தது?’ என்று கேட்பதே திறனாய்வுக்கு அழகு.

மன்றம் ஏறிய மெய்

அம்மாற்றம் சாதித்தது மிகப் பெரிது. குன்றிலிருந்து இறங்கிய குண்டலகேசி உலகைத் துறந்தாள். குன்றிலிருந்து இறங்கிய அமுதவல்லியோ அரசவைக்குச் சென்றாள். முன்னவள் தன் விடுதலையைத் தேடினாள். பின்னவள் தன்னால் துன்புற்றவரின் விடுதலையைத் தேடினாள். இரண்டும் உயர்ந்தனவே. ஆயினும், தன் பொய்யால் பிறர் வாழ்வைக் குலைத்த ஒருத்திக்குத் துறவைவிடத் திருத்தமே முதற்கடமை. வீரமோகன் இன்னும் குற்றவாளி என்னும் பழியைச் சுமந்திருக்கும்போது, அமுதவல்லி அமைதியைத் தேடிக் காடு செல்வது அறமாகாது.

நினைத்தால் அவள் மௌனமாக இருந்திருக்கலாம். கணவனின் மரணம் எவருக்கும் தெரியாது. சிலையின் பின்னால் பேசியது யார் என்பதையும் எவரும் அறியார். அவளுடைய பொய் தெய்வவாக்காகவே நிலைத்திருக்கும். அப்பாதுகாப்பை அவளே உடைக்கிறாள். முன்பு மறைந்திருந்து பொய் சொன்னவள், இப்போது முகத்தைக் காட்டி மெய் சொல்கிறாள்.

கண்ணகியும் அவைக்கு வந்தாள். சிலம்பை உடைத்து மன்னனின் பிழையை மெய்ப்பித்தாள். அமுதவல்லி அவைக்கு வந்து தன் பிழையையே மெய்ப்பிக்கிறாள். பிறர் குற்றத்தைச் சுட்டிக்காட்டுவதற்குத் துணிவு வேண்டும். தன் குற்றத்தை, அதுவும் எவரும் கண்டுபிடிக்காத குற்றத்தை, ஊரறியச் சொல்வதற்கு அதனினும் பெருந்துணிவு வேண்டும். வாளேந்தியவர்கள் பலர் இருக்கும் படத்திற்கு மந்திரி குமாரி என்று பெயரிட்டதன் பொருத்தம் இங்கேதான் விளங்குகிறது. கதையின் உண்மையான வீரச்செயல் வாட்போரில் இல்லை. அந்தச் சாட்சியத்தில் இருக்கிறது.

சாட்சியைக் காவாத நாடு

உண்மை வெளிப்பட்டதும் சினம் கொண்ட இராசகுரு, அமுதவல்லியைக் கொன்றுவிடுகிறார். வீரமோகன் மீண்டும் மதிப்புப் பெறுகிறான், காதலர் இணைகின்றனர், இராசகுரு தண்டனை அடைகிறார். நாடு நலம் பெறுகிறது. அமுதவல்லி மட்டும் இல்லை.

இம்முடிவைப் பலரும் பொருத்தமானது என்றே கொள்கின்றனர். பொய் சொன்னவள்; கணவனின் உயிரைப் போக்கியவள்; ஆகவே அவள் மடிவதே கதையின் நீதி என்பது அவர்கள் கருத்து. அக்காலக் கதைமரபும் அத்தகையதே. பிழைசெய்த பெண் திருந்தினாலும் வாழ்வதைப் பல கதைகள் ஒப்புவதில்லை. தன் உயிரைக் காத்துக்கொள்ளவே அவள் அக்குன்றின்மேல் அச்செயலைச் செய்தாள் என்பதும் மறக்கப்படுகிறது. திருந்தியவளுக்கு மரணம்தான் பரிசு எனின், திருந்த எவர் முன்வருவர்? உண்மை சொன்னால் உயிர்போகும் என்று கண்ட நாட்டில், அடுத்த சாட்சி வாய்திறப்பாரா? இவ்வகையில் படத்தின் முடிவு அதன் நடுப்பகுதியின் துணிவுக்கு ஈடாகவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும், அம்முடிவை வேறு கோணத்திலும் காண இயலும். அவளைக் கொன்றது விதியன்று, இராசகுருவின் கை. அக்கை ஓங்கியது காட்டிலன்று, அரசனின் கண்முன்னே. அவள் பொய் சொன்னபோது அந்நாடு அவளை நம்பியது. அவள் மெய் சொன்னபோது அந்நாட்டால் அவளைக் காக்க இயலவில்லை. முல்லை நாட்டின் மீது வைக்கத்தக்க பெருங்குற்றச்சாட்டு இதுவே. பொய்யை ஆராயாதது முதற்பிழை எனின், மெய் சொன்னவளைக் காவாதது இரண்டாம் பிழை. இரண்டாவது பிழை முதற்பிழையினும் கொடிது.

இது பழங்கதை மட்டுமன்று. நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்ல முன்வருவோர் அச்சுறுத்தப்படுவதும், சொன்ன சொல்லை மாற்றிப் பிறழ்சாட்சியாவதும் நம் காலத்திலும் நிகழ்கின்றன. அந்நிலையைக் கருதியே, சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏற்று, நாடு முழுவதும் நடைமுறைப்படுத்துமாறு பணித்தது. நீதி என்பது நீதிபதியின் அறிவால் மட்டும் நிலைபெறுவதில்லை. அஞ்சாமல் பேசும் எளிய மனிதர்களாலும் நிலைபெறுகிறது. அவர்களைப் பேசச் சொல்லும் நாடு, பேசியபின் அவர்களுக்குத் துணைநிற்கவும் வேண்டும். குடியரசு பிறந்த ஆண்டில் வெளிவந்த ஒரு படம், தான் அறிந்தோ அறியாமலோ அக்குடியரசுக்கு விட்டுச்சென்ற வினா இது.

நிறைவாக

கருப்பு வெள்ளைப் படங்களில் நல்லோரும் தீயோரும் பகலும் இரவும்போலப் பிரிந்து நிற்பர் என்பது பொதுவான எண்ணம். வீரமோகனும் இராசகுருவும் அவ்வாறே நிற்கின்றனர். அமுதவல்லி மட்டும் இரண்டுக்கும் நடுவே நடந்துசெல்கிறாள். தவறான ஓலையை நம்புகிறாள். இனிய சொல்லில் மயங்குகிறாள். அன்பினால் பொய் சொல்கிறாள். திருத்த முயன்று தோற்கிறாள். இறுதியில் உண்மையின் பக்கம் வந்துசேர்கிறாள். குற்றமே செய்யாத வீரமோகனை நாம் வியக்கலாம். நம்மைப் போன்றவளாகத் தோன்றுபவள் அமுதவல்லியே.

பிழை செய்யாதிருத்தல் சிறப்பு. பிழையை உணர்ந்தபின் மறைவிடத்திலிருந்து வெளியே வந்து அதனை ஒப்புக்கொள்ளுதல் அதற்கு அடுத்த சிறப்பு. அவ்வாறு வெளியே வருபவரைப் பழிக்காமல், அவருக்குக் காவலாக நிற்பது சமூகத்தின் சிறப்பு. முதல் இரண்டையும் தனிமனிதர் கற்றுக்கொள்ளலாம். மூன்றாவதை முல்லை நாடு கற்கவில்லை. நாம் கற்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. ‘அமுதவல்லி இறப்பதே கதைக்குப் பொருத்தமான முடிவு’ என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

2. கண்ணகி வழக்குரைத்ததையும் அமுதவல்லி உண்மையுரைத்ததையும் ஒப்பிட்டு ஒருபக்க அளவில் எழுதுக.

3. கோயிலில் ஒலித்த குரலை ஆராய முற்படும் அவையோர் ஒருவராக உம்மைக் கருதிக்கொண்டு, நீர் எழுப்பும் ஐந்து வினாக்களை எழுதுக.